ஒசாகா கோட்டையா, ஹிமேஜி கோட்டையா?

ஜப்பானில் ஒசாகாவைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு நாலைந்து நாள் சுற்றுகிறவர்களுக்குக் கோட்டை விஷயத்தில் ஒரு குழப்பம் கட்டாயம் வரும். ஊருக்கு நடுவிலேயே ஒசாகா கோட்டை இருக்கிறது, மெட்ரோவில் போய் இறங்கிவிடலாம். மேற்கே ஒரு மணி நேர ரயில் பயணத்தில் ஹிமேஜி கோட்டை இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. இரண்டுக்கும் போக நேரமில்லை, எது?

பயண ஆலோசனை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "ஒசாகா வெறும் கான்கிரீட், உள்ளே லிஃப்ட் வேறு ஓடுகிறது, அசல் கோட்டை ஹிமேஜிதான்." சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சிலருக்கு நல்ல ஒரு நாள் வீணாகும். முழங்கால் வலியோடு அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நிச்சயம் வீணாகும்.

நான் இதைப் பார்க்கும் விதம் வேறு. ஒசாகாவில் இருப்பது கோட்டை வடிவத்தில் கட்டிய அருங்காட்சியகம். ஹிமேஜியில் இருப்பது காட்சிப்பொருள் அதிகம் இல்லாத நிஜக் கோட்டை. உங்களுக்கு வேண்டியது கதையா, கட்டடமா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் மீதி தானாகச் சரியாகிவிடும்.

கதை என்று எடுத்துக்கொண்டால் ஒசாகாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாதாரணக் குடியில் பிறந்து ஜப்பான் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்த தொயொதொமி ஹிதெயொஷி 1583-இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். அவர் இறந்த பிறகு அதிகாரம் தொகுகாவா இயெயாசு கைக்குப் போனது. ஹிதெயொஷியின் மகன் ஹிதெயோரி மட்டும் ஒசாகாவில் அரியணை இல்லாத இளவரசனாக உட்கார்ந்திருந்தான். 1614 குளிர்காலத்தில் இயெயாசு முற்றுகையிட்டார். கோட்டை விழவில்லை. சமாதானம் பேசி, அந்தச் சாக்கில் அகழிகளை மண்போட்டு நிரப்பினார்கள். அடுத்த ஆண்டு கோடையில் திரும்பி வந்தபோது கோட்டைக்குக் காவல் என்று எதுவும் மிச்சமில்லை. கோட்டை எரிந்தது, ஹிதெயோரியும் அவன் தாயும் தற்கொலை செய்துகொண்டார்கள், ஒரு வம்சமே முடிந்தது.

அதன் பிறகு தொகுகாவா ஆட்சியாளர்கள் செய்ததுதான் எனக்குச் சுவாரசியம். ஹிதெயொஷியின் மதில்களை இடித்துவிட்டுப் போகவில்லை. அவற்றின் மேல் மண்ணைக் கொட்டி மூடி, அதற்கு மேலே 1620 முதல் புதிய கோட்டையை எழுப்பினார்கள். பழைய எஜமானரின் கல் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது என்பதுபோல. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மாபெரும் கல்மதில்கள் எல்லாம் தொகுகாவா காலத்தவை. ஒசாகாவில் எல்லோரும் கொண்டாடுவது ஹிதெயொஷியை. கண்ணுக்குத் தெரிவதோ அவர் குடும்பத்தை அழித்தவர்களின் வேலை.

நடுக்கோபுரத்துக்கு வருவோம். ஹிதெயொஷியின் கோபுரம் 1615-இல் எரிந்தது, முப்பது ஆண்டுதான் நின்றது. தொகுகாவா கட்டிய கோபுரம் 1626-இல் எழுந்து, 1665-இல் இடி விழுந்து எரிந்துபோனது. அது முப்பத்தொன்பது ஆண்டு. இப்போது நிற்பது 1931-இல் ஒசாகா மக்கள் கொடுத்த நன்கொடையில் இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு கட்டியது. மூன்றிலும் அதிக நாள் தாக்குப்பிடித்தது இந்தப் 'போலி'தான். தொண்ணூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. 1945 ஆகஸ்ட் 14 அன்று, ஜப்பான் சரணடைவதற்கு முந்தைய நாள், பக்கத்தில் இருந்த ராணுவ ஆயுதத் தொழிற்சாலை மீது அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளுக்கும் தப்பியது. 1997-இல் பதிவு பெற்ற பண்பாட்டுச் சொத்தாக அரசே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இன்னொரு விஷயம். 1931-இல் கோட்டை வளாகம் ராணுவத்தின் கையில் இருந்தது. மக்கள் கோபுரத்துக்காகக் கொடுத்த பணத்தில், கோபுரத்துக்குச் செலவானதைவிடப் பெரிய தொகை ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு கட்டடம் கட்டித் தரப் போயிற்று. கோபுரத்துக்கு எதிரே ஐரோப்பியக் கோட்டை மாதிரி நிற்பது அந்தக் கட்டடம்தான். இப்போது உள்ளே சாப்பாட்டுக் கடைகளும் பரிசுப்பொருள் கடைகளும் இருக்கின்றன. பெரும்பாலோர் அது என்னவென்று தெரியாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார்கள்.

சரி, கோபுரத்துக்குள் போகலாமா வேண்டாமா? 2025 ஏப்ரலில் கட்டணத்தை 600 யென்னிலிருந்து 1,200 யென்னாக ஏற்றிவிட்டார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 700 ரூபாய். எட்டுத் தளம். ஐந்தாம் தளம் வரை எல்லோரும் லிஃப்டில் போகலாம், அதற்கு மேல் படி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை எட்டாம் தளம் வரை லிஃப்டிலேயே அழைத்துப்போவார்கள். பலரும் செய்வது, நேரே உச்சிக்குப் போய் நாலு புறமும் படம் எடுத்துவிட்டு, கீழே வரும் வழியில் மற்ற தளங்களை வேகமாகக் கடந்துவிடுவது. உச்சியிலிருந்து தெரிவது ஒசாகாவின் உயரக் கட்டடங்கள்தான். அதற்காக மட்டும் டிக்கெட் வாங்குவது வீண். கோபுரத்தில் ஏறிவிட்டால் கோபுரம் தெரியாது என்ற சங்கடமும் உண்டு.

நிற்க வேண்டிய இடம் ஐந்தாம் தளம். 1615 கோடைப் போரை வரைந்த புகழ்பெற்ற மடக்குத்திரை ஓவியத்தை அங்கே பெரிதாக்கி விளக்குகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் அதில் உண்டு. வலப்பாதியில் போர்: கொடிகள், ஈட்டிகள், குதிரைகள், தளபதிகள். எந்த நாட்டுப் போர் ஓவியத்திலும் பார்க்கக்கூடியதுதான். இடப்பாதிதான் வேறு மாதிரி. அங்கே இருப்பவர்கள் ஊர் மக்கள். எரியும் நகரத்திலிருந்து ஆற்றைக் கடந்து ஓடுகிறார்கள். வென்ற பக்கத்துச் சிப்பாய்கள் அவர்களை வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார்கள், பெண்களைப் பிடித்து இழுக்கிறார்கள். இந்தத் திரை வென்ற அணியில் போரிட்ட குரோதா குடும்பத்தின் வசம் இருந்தது. வெற்றியைக் கொண்டாட வேண்டிய ஓவியத்தில் பாதி இடத்தைத் தோற்ற ஊரின் அழுகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய கோபுரத்தை வடிவமைத்தவர்கள் ஹிதெயொஷி காலத் தோற்றத்துக்கு ஆதாரமாகப் பார்த்ததும் இதே ஓவியத்தைத்தான். அதனால்தான் மேல் அடுக்கு மட்டும் கறுப்பும் பொன்னுமாக, புலி உருவங்களோடு இருக்கிறது.

மூன்றாம், நான்காம் தளங்களில் கவசங்கள், கடிதங்கள், வாள்கள் போன்ற அசல் பொருட்கள். அவ்வப்போது மாற்றி வைப்பார்கள். படம் எடுக்கக் கூடாது. ஹிதெயொஷியின் தங்கத் தேநீர் அறையை முழு அளவில் செய்து வைத்திருப்பதும் மூன்றாம் தளத்தில்தான். ஏழாம் தளத்தில் அவர் வாழ்க்கையைச் சிறு பொம்மைக் காட்சிகளாக ஓட்டுகிறார்கள். குழந்தைகள் நிற்பார்கள், பெரியவர்கள் நகர்ந்துவிடலாம். இரண்டாம் தளத்தில் தனிக் கட்டணம் கட்டி சாமுராய் தலைக்கவசம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வரிசை எப்போதும் உண்டு.

கட்டணம் இரட்டிப்பானதற்கு ஈடாக ஒன்று கிடைத்திருக்கிறது. நான் முன்னே சொன்ன, மண்ணுக்குள் புதைத்த ஹிதெயொஷி காலத்து மதில். அதன் ஒரு பகுதியை 1984-இல் தோண்டியபோது கண்டுபிடித்தார்கள். சுமார் ஆறு மீட்டர் உயரம். 2025 ஏப்ரல் முதல் நிலத்தடியில் அதைப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள், கோபுர டிக்கெட்டிலேயே இதுவும் அடக்கம். செதுக்காத கற்களை அப்படியே பொருத்தி அடுக்கிய முரட்டு வேலை. தீயில் வெந்து நிறம் மாறிய கற்களும் அதில் தெரிகின்றன. மேலே வந்து தொகுகாவாவின் வழவழப்பான, விளிம்பு நேராக வெட்டிய கற்களைப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் கல்வேலை எவ்வளவு மாறிவிட்டது என்று புரியும். கான்கிரீட் கோபுரத்தைக் கேலி செய்கிறவர்களை முதலில் இங்கே அனுப்பலாம். ஒசாகாவில் ஹிதெயொஷியின் நிஜமான கோட்டை என்று காட்டக்கூடியது இதுதான்.

உள்ளே போகாமலே வருவதும் மோசமான யோசனை இல்லை. வளாகத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரே ஒரு யோசனை: ஜேஆர் ரயில் நிலையப் பக்கம் இறங்காமல், தானிமாச்சி 4-சோமே மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஓதெமோன் வாயில் வழியாக நுழையுங்கள். 1620-இல் கட்டிய காவல் மாடம் ஒன்று அந்தப் பக்கம் அகழியைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது, அசல் மரக் கட்டடம். அப்புறம் சகுராமோன் வாயிலைத் தாண்டியதும் எதிரே 'ஆக்டோபஸ் கல்' என்று அழைக்கப்படும் ஒற்றைக் கல். கிட்டத்தட்ட அறுபது சதுர மீட்டர் முகப்பு, நூறு டன்னுக்கு மேல் எடை. ஒகயாமா பகுதித் தீவிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள். இதை நிறுத்திவைத்தவர் ஒகயாமாவின் பிரபு. தொகுகாவா மதில் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரபுக்கள் தலையில்தான் கட்டியது. யாருடைய கல் பெரியது என்று அவர்களுக்குள் போட்டி நடந்திருக்கிறது. பணத்தை எல்லாம் கல்லில் கரைத்துவிட்டால் கலகம் செய்யக் கையில் எதுவும் இருக்காது என்பது ஷோகனின், அதாவது நாட்டை ஆண்ட தொகுகாவா ராணுவத் தலைவரின், கணக்கு.

இப்போது ஹிமேஜி.

ஒசாகா ஸ்டேஷனிலிருந்து ஜேஆரின் ஷின்காய்சொகு என்ற விரைவு ரயிலில் ஒரு மணி நேரம், ஒரு வழிக்கு சுமார் 1,500 யென். புல்லட் ரயிலில் போனால் ஷின்-ஒசாகாவிலிருந்து அரை மணி நேரம், காசு இரு மடங்குக்கு மேல். ஷின்காய்சொகுவே போதும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நேர் சாலையின் முடிவில் வெள்ளைக் கோட்டை தெரிகிறது. வழி கேட்க வேண்டியதே இல்லை, ஒரு கிலோமீட்டர் நடை.

இது 1609-இல் இகெதா தெருமாசா என்ற பிரபு கட்டி முடித்த கோபுரம். ஜப்பானில் பழைய கோபுரத்தோடு இன்றும் நிற்கும் கோட்டைகள் பன்னிரண்டுதான். அவற்றில் ஹிமேஜி பெரியது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளியே ஐந்து அடுக்கு போலத் தெரியும், உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும். கோபுரம் கண்ணெதிரே நின்றாலும் அதை எளிதில் நெருங்க முடியாது. பாதை வளைந்து, திரும்பி, சில இடங்களில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, மறுபடி திரும்பும். வாயில்கள் போகப் போகக் குறுகி, குனிந்து நுழையும் அளவுக்கு வந்துவிடும். சுவர் முழுக்க வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள், அம்புக்கும் துப்பாக்கிக்கும். எதிரியாக இந்த வழியில் ஏறி வந்தால் எப்படி இருக்கும் என்பதை எழுதி வைத்த பலகை எதுவும் இல்லாமலே உடம்பு தெரிந்துகொள்ளும். எந்த அருங்காட்சியகத்திலும் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றி, பையில் போட்டு, கையிலேயே தூக்கிக்கொண்டு போக வேண்டும். படிகள் பரணுக்குச் சாய்த்த ஏணி மாதிரி செங்குத்து. உள்ளே ஆயுதம் மாட்டும் கொக்கிகள், வீரர்கள் ஒளிந்திருக்கும் அறைகள், அப்புறம் வெறும் மரத்தளம். "உள்ளே ஒன்றுமே இல்லையே" என்று சிலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். நான் அவர்களைத் தூண்களைப் பார்க்கச் சொல்வேன். நிலவறையிலிருந்து மேல் தளம் வரை ஊடுருவி நிற்கும் இரண்டு பெரும் தூண்கள், ஒவ்வொன்றும் இருபத்து நாலு மீட்டருக்கு மேல். கோபுரத்தைத் தாங்குவதில் முக்கியப் பங்கு அவற்றுக்கு. 1956 முதல் 1964 வரை நடந்த பழுதுபார்ப்பில் கோபுரத்தையே பிரித்துப் போட்டு மறுபடி கோத்தார்கள். அப்போது மேற்குத் தூணை மாற்ற வேண்டியிருந்தது. அந்த நீளத்துக்கு ஒரே மரம் அமையவில்லை. இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இணைப்பைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

ஹிமேஜிக்கு இல்லாதது போர்க் கதை. போருக்காகவே இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய இந்தக் கோட்டையில் ஒரு போரும் நடக்கவில்லை. 1945 ஜூலையில் ஊரே எரிந்தபோதும் கோபுரத்தின் மேல் விழுந்த குண்டு வெடிக்காமல் போயிற்று. போர் நடந்த இடத்தில் கட்டடம் மிஞ்சவில்லை. கட்டடம் மிஞ்சிய இடம் போரைப் பார்க்கவில்லை. இரண்டு கோட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

லிஃப்ட் விஷயத்தைக் கேலியாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகோயாவில் போருக்குப் பின் கட்டிய கான்கிரீட் கோபுரத்தை நிலநடுக்கப் பாதுகாப்பு காரணமாக 2018-இல் மூடிவிட்டார்கள். பழையபடி மரத்திலேயே கட்டுவோம், லிஃப்ட் வைக்க மாட்டோம் என்று நகராட்சி சொன்னதும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. அந்தச் சண்டையில் திட்டமே ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 1609-இன் கட்டடத்தில் லிஃப்ட் வைக்க முடியாது என்பதை ஏற்கலாம். புதிதாகக் கட்டும் ஒன்றில் வேண்டுமென்றே வைக்காமல் விடுவது என்ன நியாயம்? ஒசாகாவில் எழுபது வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்காமல் ஐந்தாம் தளத்தில் அந்தப் போர் ஓவியத்தின் முன் நிற்க முடிகிறது. அது குறை இல்லை.

ஆகவே, மூட்டு வலி உள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் ஒசாகாதான், யோசிக்கவே வேண்டாம். பூங்காவுக்குள் கட்டண வண்டியும் ஓடுகிறது. ஹிமேஜிக்குப் போய்க் கோபுரத்தில் ஏறாமல் கீழேயே உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கும் சங்கடம், ஏறுகிறவர்களுக்கும் சங்கடம்.

பணக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. 2026 மார்ச் முதல் ஹிமேஜியில் வெளியூர்க்காரர்களுக்கு 2,500 யென், உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் பழையபடி 1,000. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். ஒசாகாவில் நடுநிலைப்பள்ளி வயது வரை இலவசம். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரோடு கணவன் மனைவி போவதாக வைத்துக்கொண்டால் ஒசாகாவில் டிக்கெட் 2,400 யென்னோடு முடிந்துவிடும். ஹிமேஜியில் டிக்கெட் 5,000, பெரியவர்களின் ரயில் கட்டணம் மட்டும் போக வர 6,000 அளவுக்கு. பிள்ளைகளின் ரயில் டிக்கெட் தனி. நாலைந்து மடங்கு வித்தியாசம். ஜேஆரின் கன்சாய் ஏரியா பாஸ் கையில் இருந்தால் ரயில் செலவு அதிலேயே அடங்கும், அப்போது ஹிமேஜியின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும்.

படி ஏற முடியும், ஒரு முழு நாள் இருக்கிறது, ஜப்பானுக்கு மறுபடி எப்போது வருவோமோ என்று நினைக்கிறவர்கள் ஹிமேஜிக்குப் போங்கள். அவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு: முதல் நாள் மாலை ஒசாகா வளாகத்தை டிக்கெட் இல்லாமல் ஒரு நடை சுற்றிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஹிமேஜி ரயிலைப் பிடிப்பது. சகுரா பூக்கும் ஏப்ரல் தொடக்கத்தில் கோபுரத்துக்குள் விடும் ஆட்களுக்கு வரம்பு போடுவார்கள். தாமதமாகப் போனால் வரிசையிலேயே மதியம் ஆகிவிடும். கோடையில் உள்ளே ஏசி கிடையாது. குளிர்காலத்தில் காலுறையோடு அந்த மரத்தளத்தில் நடப்பது பாதம் விறைக்கும் வேலை, தடித்த காலுறையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் போக முடிந்தவர்கள் ஒசாகாவை முதலில் வையுங்கள். காரணம் ஒரு பெண். தொகுகாவா இயெயாசுவின் பேத்தி சென்ஹிமே. ஏழு வயதில் அரசியல் கணக்குக்காக ஹிதெயோரிக்கு மணமுடித்து ஒசாகா கோட்டைக்கு அனுப்பினார்கள். 1615-இல் தாத்தாவின் படை கணவனின் கோட்டையை எரித்தபோது அவளை மட்டும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். மறுமணம் ஹோந்தா தாதாதொகியோடு; அவர் குடும்பத்துக்குக் கிடைத்த ஊர் ஹிமேஜி. அவளுக்காக மேற்குக் கொத்தளத்தில் கட்டிய மாடமும், அதை ஒட்டிய நீண்ட தாழ்வாரமும் இன்றும் இருக்கின்றன. அங்கேயும் நிம்மதி நிலைக்கவில்லை. மகன் குழந்தையிலேயே இறந்தான், 1626-இல் கணவரும் இறந்தார், அவள் எதோ நகரத்துக்கு (இன்றைய டோக்கியோ) திரும்பித் துறவியானாள். ஐந்தாம் தளத்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தத் தாழ்வாரம் ஒரு வெறும் நடைபாதையாகத் தெரியாது. கூட்டம் நேரே பெரிய கோபுரத்துக்கு ஓடுகிறது. ஹிஷி வாயிலைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி இதை முதலில் முடித்துவிடுங்கள். கோபுரம் ஏறி இறங்கிய கால்களுக்கு அதற்குப் பிறகு பொறுமை இருக்காது.

புத்தாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு மட்டும் முடிவெடுக்கும் வேலையே இல்லாமல் போகலாம். ஒசாகா கோபுரம் டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை மூடியிருக்கும். ஹிமேஜி மூடுவது டிசம்பர் 29, 30 இரண்டு நாள் மட்டும்.